3 வயதுப் பையனுக்கு முன்தோலை நீக்கச் சொல்கிறார்கள், தேவையா?

அடையாறு அப்பா: பையனுக்கு 3 வயது. முன்தோல் பின்னால் வரவில்லை, வெட்டிவிடலாம் என்கிறார் ஒரு கிளினிக் டாக்டர். சிறுநீர் போவதில் சிரமமே இல்லை. என்ன செய்ய?

மயிலைவாசி: அவசரப்படாதீர்கள் சார். இந்த ஆபரேஷன் மருத்துவத்துக்குள் நுழைந்த கதையே கூத்து. 1870-இல் நியூயார்க்கில் லூயிஸ் சேர் என்ற டாக்டர், கால் விளங்காத 5 வயதுப் பையனுக்கு முன்தோலை நீக்கினார். பையன் தேறினான். உடனே பக்கவாதத்துக்கே இதுதான் வைத்தியம் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் கெல்லாக் (ஆமாம், அதே கார்ன்ஃப்ளேக்ஸ்காரர்) சுய இன்பத்தை நிறுத்த, மயக்க மருந்து கொடுக்காமல் வெட்டச் சொன்னார்.

ராயபுரம் நர்ஸ்: பழைய கூத்தை வைத்து இன்றைய வைத்தியத்தை எடைபோடலாமா? தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில் ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று சுமார் 60% குறைந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

மயிலைவாசி: தொற்று அதிகமுள்ள நாடுகளுக்குச் சொன்னது மேடம். ஆய்வில் இருந்தவர்களும் வளர்ந்த ஆண்கள். 3 வயதுப் பையனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1949-இல் பிரிட்டனில் கெய்ர்ட்னர் என்ற குழந்தைகள் டாக்டர் எழுதினார்: பிறக்கும்போது 4% குழந்தைகளுக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் வரும், 3 வயதில் 90% பேருக்கு வந்துவிடும்.

ராயபுரம் நர்ஸ்: அப்படியானால் இவர் பையன் மீதி 10%-இல்தானே இருக்கிறான்? உங்கள் கணக்கே உங்களுக்கு எதிர்.

மயிலைவாசி: சரி, மாட்டினேன். ஆனால் டென்மார்க் பள்ளிப் பையன்களை வைத்து 1968-இல் வந்த ஆய்வில், 6-7 வயதில் 8% பேருக்கு இருந்த இறுக்கம் 17 வயதுக்குள் 1% ஆனது. கத்தி படாமலே.

திருவல்லிக்கேணி பாய்: நடுவில் ஒரு வார்த்தை. எனக்கு 7 வயதில் சுன்னத். மாலை, புது லுங்கி, வீடு நிறைய பிரியாணி. வலியைவிட அதுதான் ஞாபகம். அது மார்க்கம், எச்.ஐ.வி. கணக்குப் பார்த்துச் செய்ததில்லை. இவர் கேட்பது வைத்தியம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ராயபுரம் நர்ஸ்: நியாயம் பாய். அடிக்கடி சீழ் வைத்தாலோ, நுனியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தாலோ ஆபரேஷன்தான். இல்லையென்றால், தேவைப்படும்போது ஸ்டீராய்டு களிம்பு போட்டே பல பேருக்குச் சரியாகிறது.

அடையாறு அப்பா: சீழ், தழும்பு எதுவும் இல்லை. பாட்டிதான் தினமும் குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு இழுத்துவிடுகிறார். நேற்றுகூட லேசாக ரத்தம்.

ராயபுரம் நர்ஸ்: ஐயோ, முதலில் பாட்டியை நிறுத்துங்கள்! இழுத்துக் கிழித்தால்தான் தழும்பே விழும்.

மயிலைவாசி: இதில் மேடம் கட்சிதான் நானும்.