தகரப் பெட்டிக்குள் இருந்த அட்டை

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பதினேழு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். என் பதிவேட்டில் இருந்த ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, குடும்பத் தகராறு ஒன்றில் கைதானாள். மாலையே நீதிமன்றக் காவல். இரவோடு இரவாகக் கோவைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாதப் பரிசோதனைக்கு அவள் வராதபோதுதான் எனக்கே தெரிந்தது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயனில், இருந்த அவள் வீட்டுக்கு ஓடினேன். மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து, ரேஷன் அட்டைக்கு அடியிலிருந்து தாய் சேய் நல அட்டையை எடுத்துத் தந்தார். ஓரமெல்லாம் கொழுந்துக் கறை. உள்ளே என் கையெழுத்து: ரத்த வகை ஓ நெகட்டிவ், ஹீமோகுளோபின் வெறும் 8.2. எனக்கு அடிவயிறு கலங்கியது. கணவனுக்கு பாசிட்டிவ் வகை. குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. காவலில் எடுத்தபோது கம்மல், கொலுசு வரை எழுதி வாங்கியவர்களுக்கு இந்த அட்டையைக் கேட்கத் தோன்றவில்லையே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பர்லியார் வழியாக இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கே குமட்டியது. அந்த வயிற்றோடு அவள் எப்படித் தாங்கினாளோ! சிறையில் அட்டையையும் மனுவையும் கொடுத்தேன். சிறை மருத்துவர் அட்டையைப் பார்த்ததும், இரும்புச்சத்து ஏற்ற அன்றே மருத்துவமனைக்கு எழுதினார்.

உங்கள் ஊரில் கர்ப்பிணி யாரையாவது காவலில் எடுத்தால், வக்கீலைத் தேடும் கையோடு அட்டையையும் தேடுங்கள். பிரசவம் கூடுமானவரை சிறைக்கு வெளியே நடக்க வேண்டும், உள்ளேயே பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதையும் தைரியமாகச் சொல்லிக் கேளுங்கள்.

அவளுக்குப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடந்தது. காவலுக்கு வந்த பெண் காவலர் விலங்கைக் கையில் எடுக்கவே இல்லையாம். வலி வந்தபோதெல்லாம் முதுகை நீவிவிட்டாராம். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

ஜாமீன் கிடைத்து மலையேறியபோது குழந்தைக்கு நாற்பத்தொரு நாள். மாமியார் கம்பளிக் குல்லாவோடு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். அவள் இறங்கியதும் இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, “ஊசி போட்ட தேதியை எழுதி வாங்கிவிட்டேன், நர்ஸம்மா” என்றாள்.