அவனுக்கு மட்டும் நடக்கிறதா, அவனுக்கு மட்டும் தெரிகிறதா?

செக்காலைக்காரன்:
சிங்கப்பூரில் நானும் என் சித்தப்பா மகனும் மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே கம்பெனி. அவன் விபூதி பூசாமல் வெளியே கிளம்ப மாட்டான், ரயிலில் போன் பேசினால் பெட்டி முழுக்கத் தமிழ் கேட்கும், தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலில் காவடி. நான் அப்படியில்லை. இனப்பாகுபாடு பார்க்காத நாளே இல்லை என்பான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார், வீட்டுக்காரர் 'இந்தியரா?' என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார் என்று அடுக்குவான். எனக்கு ஒன்றும் நடந்ததாக நினைவில்லை. செவ்வாய்ப் பொங்கலுக்கு (தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாயில் எங்கள் செட்டியார் சமூகத்தார் வைப்பது) ஊருக்கு வந்த இடத்தில் வீட்டு முகப்பில் உட்கார்ந்து இதற்கு ஒரு சண்டை. தமிழன், தமிழன் என்றே இருப்பதால் அவனுக்கு எல்லாம் அப்படித் தெரிகிறதா, இல்லை நிஜமாகவே அவனுக்குத்தான் அதிகம் நடக்கிறதா?

தேவகோட்டைப் பேரன்:
எங்கள் ஐயா பர்மாவில், பெகு என்ற ஊரில், செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடி வேலை) சேர்ந்து மேலாள் (கடையின் தலைமை ஆள்) ஆனவர். மொட்டைத் தலை, பட்டை விபூதி, வேட்டி. தெருவில் 'கலா' (இந்தியரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்று கத்துவார்களாம். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள், அவரும் நம்மவர்தான், பர்மாக்காரர் மாதிரி கைலி கட்டி, அவர்கள் பேச்சையும் சரளமாகப் பேசுவார், அவரை யாரும் சீண்டியதில்லை. ஆனால் 1938-இல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் இரண்டு பேரும் ஒரே கடைக்குள்தான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அப்புறம், அந்தக் கோபம் விபூதி மேல் மட்டும் இல்லை. நெல் விலை விழுந்து கடன் அடைபடாமல், 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு வயல் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நம் ஆட்கள் வீட்டிலிருக்கும் பர்மாத் தேக்குத் தூணைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள்.

உளவியல் வாத்தியார்:
இரண்டும்தான். இனத்தைத் தன் அடையாளத்தின் மையமாக நினைக்கும் கறுப்பின மாணவர்கள் அதிகப் பாகுபாட்டைச் சொன்னதாக செல்லர்ஸும் ஷெல்டனும் அமெரிக்காவில் 2003-இல் எழுதினார்கள். உடனே 'கற்பனை' என்று முடித்துவிடாதீர்கள். 2009-இல் கைசரும் பிராட்-ஹயட்டும் வெள்ளையர்களைச் சோதித்தார்கள். தன் இனத்தோடு அழுத்தமாகப் பிடிப்புள்ள சிறுபான்மையினர் மேல்தான் அவர்களுக்கு வெறுப்பு கூடுதலாக இருந்தது. ஆக, உங்கள் தம்பிக்கு நிஜமாகவே அடி அதிகமாக விழலாம். அதே பிடிப்பு அடியைத் தாங்கவும் வைக்கும்: பிலிப்பினோ அமெரிக்கர்களிடம் மொசகோவ்ஸ்கி 2003-இல் பார்த்தது அதைத்தான். வேறு சில ஆய்வுகளில் வலி கூடியும் இருக்கிறது.

கோலாலம்பூர் ஆச்சி:
இங்கே யாராவது 'கெலிங்' (இந்தியரை இழிவாகச் சொல்லும் மலாய்ச் சொல்) என்றால் என் பெரிய மகன் சண்டைக்குப் போவான், வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். சின்னவன் காதில் விழாத மாதிரி நடப்பான், ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அறையில்தான் விளக்கு எரியும். அது கிடக்கட்டும், தம்பி, அங்கே வீடு தேடியபோது ஒவ்வொருவருக்கும் போன் போட்டது யார்?

செக்காலைக்காரன்:
அவன்தான் ஆச்சி. அறை கிடைத்த பிறகு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.