பிரசங்கத்தில் தூங்குகிறவன் வழியோர நிலமா?

கோலிவாடா நர்ஸ்: நேற்றிலிருந்து எல்லா சபை வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு செய்தி சுற்றுகிறது: பிரசங்க வேளையில் தூங்குகிறவன் வழியோர நிலம், அவன் இருதயம் வசனத்துக்குத் திறக்கவே இல்லையாம். எழுதின புண்ணியவான் மத்தேயு 13-இல் இருக்கிற விதைக்கிறவன் உவமையைத் திறந்தாவது பார்த்தாரா? அதில் விதை வசனம், அது விழுகிற நிலம் கேட்கிறவன் இருதயம். வழியோரம் யாரென்று இயேசுவே விளக்கம் சொல்லிவிட்டார்: வசனத்தைக் கேட்டும் உணராதவன். தூக்கத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. நைட் டியூட்டி முடித்து, தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்துகிற ஞாயிறு மெகா பிளாக்கில் பாதி வழி பஸ் பிடித்து வருகிறவளுக்குக் கண் சொருகினால் அவள் வழியோரமா? துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசினபோது ஐத்திகு என்ற வாலிபனும்தான் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் திட்டவில்லை. இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார்.

செம்பூர் அண்ணாச்சி: சிஸ்டர், ஐத்திகுவைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். அப்போஸ்தலர் 20:9-ஐ நிதானமாக வாசியுங்கள். அவன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெரிய மேல்வீட்டில் வேறு இடமா இல்லை? மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தாள், இவன் ஜன்னலில். மனசு எங்கேயோ, உடம்பும் அங்கேதான்.

90அடி ரோடு: பெரிய மேல்வீடு என்று எந்த வசனத்தில் இருக்கிறது அண்ணாச்சி? அங்கே அநேக விளக்குகள் இருந்ததாக எட்டாம் வசனம் சொல்கிறது. எண்ணெய் விளக்கு, கூட்டம், புழுக்கம். காற்றுக்காக உட்கார்ந்திருப்பான். தாராவியில் ஒரு மாடி அறையில் ஜெபக்கூட்டம் வைத்துப் பாருங்கள், லோக்கல் ரயில் மாதிரி ஜன்னல் பக்கத்துக்குத்தான் முதல் அடிதடி.

செம்பூர் அண்ணாச்சி: காற்று என்று வசனத்தில் இருக்கிறதா தம்பி? விளக்கு என்றால் வெளிச்சம். அத்தனை வெளிச்சத்திலும் தூங்கினான் பாருங்கள். ஜன்னலில் ஏன் உட்கார்ந்தான், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோலிவாடா நர்ஸ்: அன்றைக்கு ஞாயிறு லீவு கிடையாது. ரோம ராஜ்யத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கி.பி. 321-இல் சட்டம் போட்ட பிறகுதான் அது ஓய்வுநாள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்த பையனாகக்கூட இருக்கலாம். சாமுவேலையும் படுத்திருந்தபோதுதான் ஆண்டவர் கூப்பிட்டார்.

செம்பூர் அண்ணாச்சி: சாமுவேல் ஜன்னலில் படுக்கவில்லை.

மாஹிம் ஆரோக்கியம்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியன் துறவி நாலு படியாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், செபம், கடைசியில் பேச்சில்லாமல் கடவுள் முன் இருப்பது. நாலே நாலு வசனம், அரை மணி நேரம். ஒன்றரை மணி நேரப் பிரசங்கத்தில் தூங்குவதைவிட இது தேவலை. ஏற்றுக்கொள்ள மனசுக்கு நேரம் கிடைக்கிறது.

செம்பூர் அண்ணாச்சி: கத்தோலிக்கர் வேதம் வாசிக்க ஆரம்பித்ததே நேற்று. எங்களுக்குப் படி சொல்ல வந்துவிட்டார்கள். நாங்கள் ஐந்து தலைமுறையாகத் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர்கள், புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது 1715.

மாஹிம் ஆரோக்கியம்: விசுவாசிகள் எல்லாரும் அடிக்கடி வேதம் வாசிக்கச் சொல்லி இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏடு வெளியிட்டது 1965-இல். அது உங்களுக்கு நேற்று என்றால் உங்கள் வயது புரிகிறது. அப்புறம், சீகன்பால்கு நாசரேத்துக்காரர் இல்லை, ஜெர்மன்காரர்.

கல்யாண் ஃபாஸ்ட்: ஜன்னலை விடுங்கப்பா. இன்றைக்கு வசனத்தை நெருக்கிப்போடுவது போன். பைபிள் ஆப்பைத் திறப்பார்கள், மேலே ஸ்கோர் எட்டிப் பார்க்கும், அப்புறம் வசனமாவது ஒன்றாவது. அந்த உவமையில் வருகிற முள் நிலம் இதுதான். தூங்குகிறவனாவது யாரையும் கெடுப்பதில்லை.

செம்பூர் அண்ணாச்சி: முதல் தடவையாக ஒருவர் உருப்படியாகப் பேசியிருக்கிறார். ஐத்திகு கையில் இன்றைக்குப் போன் இருந்திருந்தாலும் ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பான். சிக்னல் கிடைக்குமே.

90அடி ரோடு: அண்ணாச்சி, போன ஞாயிறு 10:47-க்கு, பாஸ்டர் யாக்கோபு 1:22-ஐ வாசித்துக்கொண்டிருந்தபோது, இளைஞர் குரூப்பில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் விழுந்தது. யார் அனுப்பினது?

செம்பூர் அண்ணாச்சி: என் போனில் பேரன் விளையாடுவான். பேச்சை மாற்றாதே தம்பி.

கோலிவாடா நர்ஸ்: அந்த வசனம் கேட்கிறவர்களாய் மாத்திரம் இராமல் செய்கிறவர்களாயும் இருக்கச் சொல்கிறது. ஆராதனை முடிந்து வாடகை ஹாலில் நாற்காலி அடுக்குவது தூங்குமூஞ்சிகளான நாங்கள்தான். முன் வரிசையில் கண் சிமிட்டாமல் கேட்டவர்கள் அதற்குள் காரில் ஏறிவிடுகிறார்கள்.

செம்பூர் அண்ணாச்சி: எனக்கு முழங்கால் வலி, சபைக்கே தெரியும். ஐத்திகுவுக்கு என்ன வலி? விழுவதற்கு முன்னால் அவன் ஏன் ஜன்னலில் இருந்தான் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

90அடி ரோடு: சொல்லியாச்சு. காற்று.

செம்பூர் அண்ணாச்சி: வசனத்தில் இல்லை.

கல்யாண் ஃபாஸ்ட்: முழங்கால் வலியோடுதானே கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு வாங்கின மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தீர்கள்? ஈஸ்டரும் முடிந்துவிட்டது.

செம்பூர் அண்ணாச்சி: உருப்படியான ஆள் என்று நினைத்தேன். அது என் சொந்தக் காசில் வாங்கினது. ரசீது இருக்கிறது.

90அடி ரோடு: போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.