கார்த்திகை மழையில் மூங்கில் நட்சத்திரம்: சட்டம் முறுக்குகிறது, பசை காய மாட்டேன் என்கிறது

முத்துநகர்_வாசல்

தூத்துக்குடியிலிருந்து கேட்கிறேன். கார்த்திகை பிறந்தாயிற்று, வானம் வெளுக்கிற வழியைக் காணோம். வீட்டுக்குள் உட்கார்ந்து கைவேலை பார்க்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. ஆனால் செய்கிற வேலைதான் சரிப்பட மாட்டேன் என்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிட இரண்டடி அகலத்தில் ஐந்துமுனை நட்சத்திரம். மூங்கில் பிளாச்சில் கட்டி, பட்டத்தாள் ஒட்டியது. சட்டத்தைத் தரையில் வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. மைதா பசை இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது, ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. காய்ந்த இடத்திலோ தாள் மூங்கிலை விட்டு அப்படியே உரிந்து வருகிறது. சிவப்புச் சாயம் வெள்ளைத் தாளில் இறங்கியது தனி.

எதை மாற்ற வேண்டும்? கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் கிடைக்கும் என்பது தெரியும், அந்தப் பதில் வேண்டாம்.

பிளாச்சுக்காரன்

முதலில் சட்டம். அது கோணினால் மேலே என்ன ஒட்டினாலும் கோணல்தான்.

60 செ.மீ. நீளத்தில் பத்துப் பிளாச்சு வேண்டும். 10 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம். எல்லாம் ஒரே மூங்கிலிலிருந்து வந்தால் நல்லது. முனை தூக்குவதற்குப் பாதிக் காரணம் பிளாச்சுகளின் வலு ஒன்றுபோல் இல்லாததுதான்: விறைப்பான ஒன்று வளைய மறுக்கும், அதன் பங்கையும் சேர்த்துப் பக்கத்துப் பிளாச்சு வளையும். சோதிக்க ஒரு வழி: ஒரு முனையை மேசை விளிம்பில் அமுக்கிப் பிடித்து, 40 செ.மீ. வெளியே நீட்டி, நுனியில் ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். ஒன்றுபோல் தாழ்கிறவற்றை ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். அதிகம் விறைப்பதை உள்பக்கமாகச் சீவிக் குறைக்கலாம். தோல் பக்கம் கத்தி படக்கூடாது, வலு முழுக்க அங்கேதான்.

பச்சை மூங்கிலாக இருந்தால் இந்த வருடம் அதை மறந்துவிடுங்கள். கட்டிய பிறகு சுருங்கும், முடிச்சுகள் தொளதொளக்கும், மூங்கிலை மாவாக உதிர்க்கிற பூச்சியும் வரும். மேல்தோல் மஞ்சளடித்துக் காய்ந்ததுதான் வேண்டும்.

இனி அளவு. கண் மட்டத்துக்குக் கட்டாதீர்கள். ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிப் பென்சிலால் கோடு போடுங்கள், நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். பிளாச்சுகள் குறுக்கே வெட்டுகிற இடம் அந்தக் கோட்டில் விழுந்தால் நட்சத்திரம் தானாகவே சரியாக அமைந்துவிடும். பாகைமானி தேவையே இல்லை. வேறு அளவில் செய்தால் நீளத்தை 0.382 ஆல் பெருக்குங்கள், கோடு எங்கே என்று வந்துவிடும்.

வெட்டும் இடங்களில் பின்னலாகப் போகட்டும்: ஒரு பிளாச்சு முதல் சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே. சும்மா அடுக்கிக் கட்டினால் சட்டம் அசைந்து இடம் மாறும். முதலில் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தி, அளவு சரிபார்த்துவிட்டு நூலால் கட்டுங்கள். நைலான் வழுக்கும், பருத்தி ட்வைன் நூல்தான். முடிச்சின் மேல் ஒரு சொட்டு வெள்ளைப் பசை.

இப்படி இரண்டு சட்டம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் கட்டுங்கள். பிறகு உள்சந்திப்புகளில் முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் இடையே 14 செ.மீ. குறுக்குக் கட்டை ஐந்து. கட்டையின் இரு தலையிலும் V வடிவில் வெட்டிக்கொண்டால் சந்திப்பில் நழுவாமல் உட்காரும். வரிசையாக 1, 2, 3 என்று செருகினால் சட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். 1, 3, 5, 2, 4 என்று ஒன்று விட்டு ஒன்றாகப் போங்கள். உங்களுக்கு முனை தூக்கியதற்கு மீதிப் பாதிக் காரணம் இங்கே இருக்கும்.

கட்டை ஏன் 14 என்றால், நடுத்துண்டும் 14. ஒவ்வொரு முனையிலும் முன்பின் பக்க முக்கோணமும் பக்கவாட்டு முக்கோணமும் ஒரே அளவு (23, 23, 14) ஆகிவிடும். ஒரு அட்டை அச்சு வெட்டினால் போதும், இருபது துண்டும் அதிலேயே வெட்டலாம். நடுவில் ஐங்கோணம் இரண்டு, அவ்வளவுதான்.

பசைவாளி

சட்டத்துக்கு மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தாள் உரிந்து வருவதற்குப் பசையைக் குறை சொல்லாதீர்கள். மூங்கில் தோல் மெழுகு பூசினமாதிரி வழவழப்பு, அதில் எந்த மாவுப் பசையும் பிடிக்காது. தாள் தொடும் இடமெல்லாம் செய்தித்தாளை 2 செ.மீ. நாடாவாகக் கிழித்துப் பசை தடவிப் பிளாச்சைச் சுற்றிவிடுங்கள். நன்றாகக் காயட்டும். அதன் மேல் ஒட்டினால் தாளோடு தாள் பிடிக்கும். முக்கோணங்களுக்குச் சுற்றிலும் 1.5 செ.மீ. மடிப்பு ஓரம் சேர்த்து வெட்டுங்கள், முனையில் ஓரத்தைக் கத்தரித்துவிட்டால் முண்டு விழாது.

பசை: மைதா 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 200 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறணும். அரைவேக்காட்டில் இறக்கினால் பிசுபிசுப்பு போகவே போகாது. உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். புத்தகம் பைண்டிங் பண்ணுகிறவர்கள் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். இந்த அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். அது விஷம். ஆறிய பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் கலக்குங்கள். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும், சமையல் பாத்திரமே கூடாது.

தாளில் பசையை முழுக்க அப்பாதீர்கள். ஓரத்தில் மட்டும், அரை அங்குல பிரஷ்ஷால், பிரஷ்ஷைத் தொட்டால் சொட்டாத அளவுக்கு. மழைநாளில் காயாத பசை என்றால் அநேகமாக அதிகம் பூசின பசை.

சாயம் இறங்குவதற்கு: வெள்ளையான பக்கவாட்டுத் துண்டுகளை முதலில் ஒட்டி ஒருநாள் காயவிடுங்கள். சிவப்பைக் கடைசியில், அதுவும் மாவுப் பசை இல்லாமல், தண்ணீர் கலக்காத ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. ஈரத்தாள் காயும்போது சுருங்கி இழுக்கும். முன்பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினால் முன்பக்கம் இழுத்து நேரான சட்டமும் வளைந்துபோகும். முன்னால் ஒரு முனை, பின்னால் அதே முனை, அடுத்து அதற்கு எதிர்ப்பக்க முனை என்று மாற்றி மாற்றி ஒட்டணும். ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பதும் இதே காரியத்தைத்தான் செய்யும். ஃபேனைச் சின்ன வேகத்தில் வைத்து, நட்சத்திரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுற்றவிடுங்கள். அதுவே போதும்.

தாள் தொய்வாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். ஓரம் நன்றாகக் காய்ந்த பிறகு, வெள்ளைத் தாளாக இருந்தால், ஸ்ப்ரே பாட்டிலில் பனிபோல ஒரு முறை தண்ணீர் தெளியுங்கள். காய்ந்ததும் மேளத்தோல்போல இறுகும். சிவப்பில் செய்தால் சாயம் திட்டுத் திட்டாகும்.

நாஞ்சில்_குடில்

பசைவாளி அண்ணே, மயில் துத்தம் யோசனை கடைக்காரருக்குச் சரி. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிற வீட்டில் வேண்டாமே. ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் நாடா சுற்றுவதற்கும் வெள்ளைத் தாளுக்கும் நன்றாகவே நிற்கும். பூஞ்சைத் தொல்லை குறைவு. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பட்டத்தாளுக்குப் பதில் கலர் கண்ணாடித்தாள் போடுகிறவர்களுக்கு: அதில் வெள்ளைப் பசை பிடிக்காது, இருபக்க டேப்தான். உள்ளே பல்பு பளிச்சென்று ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். உள்பக்கம் ஒரு ட்ரேசிங் தாள் கொடுத்தால் வெளிச்சம் பரவும்.

ஒயர்மேன்_கோவை

விளக்கு பற்றி யாரும் பேசவில்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு உள்ளே போகவே கூடாது. 5 வாட் எல்இடி தாராளம். சாதாரண பல்பின் விட்டம் 6 செ.மீ. இருக்கும், 14 செ.மீ. ஆழத்தில் முன்னும் பின்னும் 4 செ.மீ.தான் இடைவெளி. ஆகவே ஹோல்டர் ஒயரை மேல் உள்சந்திப்புகளில் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, பல்பு நட்டநடுவில் நிற்கும்படி பாருங்கள். ஒயரில் மட்டும் நட்சத்திரத்தின் எடையைத் தொங்கவிடாதீர்கள். எடை தாங்க தனிக் கயிறு, ஒயர் தளர்வாக.

பின்பக்க ஐங்கோணத்தின் கீழ் ஓரங்கள் இரண்டையும் ஒட்டாமல் விடுங்கள். பல்பு மாற்றவும், உள்ளே காற்று போய்வரவும் அதுதான் வழி. எல்லாப் பக்கமும் மூடிவிட்டால் உள்ளே வியர்த்துத் தாள் தொய்யும்.

சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள். ஒயர் சுவிட்ச் போர்டுக்குப் போகும் முன் ஒரு தாழ்ந்த வளைவு விடணும், ஒயர் வழியாக இறங்கும் மழைத்தண்ணி அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. நடுவில் ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுகிற வேலை வெளியில் வேண்டாம், ஒரே நீளமாக 0.75 சதுர மி.மீ. இரட்டை ஒயர். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அந்த லைனிலிருந்தே எடுங்கள்.

முத்துநகர்_வாசல்

பெரிய உபகாரம். பழைய கட்டைப் பிரித்துப் பூட்டு வைத்துப் பார்த்தேன், மூன்று பிளாச்சு இரும்புமாதிரி நிற்கிறது. சீவிவிட்டு மறுபடி கட்டுகிறேன்.

கூடவே ஒரு கேள்வி: உள்ளே மரத்தில் தொங்கவிடச் சின்ன நட்சத்திரங்களைப் பனை ஓலையில் செய்யலாமா? பட்டத்தாளே இப்படிப் படுத்துகிறபோது ஓலை இந்த ஈரத்தில் என்ன ஆகும்?

ஓலைப்பெட்டி

ஓலைக்கு ஈரம் எதிரி இல்லை, பாதித் துணை. பின்னும்போது ஓலை பதமாக இருக்கணும். வெயில் காலத்தில் நாம்தான் நனைத்து நனைத்துப் பின்னுவோம், கார்த்திகையில் அந்த வேலை மிச்சம். பின்னி முடித்த பிறகு காய்வதுதான் தாமதமாகும்.

முற்றின சாரோலை வேண்டாம், மடித்தால் வெடிக்கும். குருத்தோலை எடுங்கள். ஈர்க்கை உருவிவிட்டு 1 செ.மீ. அகலத்தில் நாடாவாகக் கிழியுங்கள். நான்கு நாடா நட்சத்திரத்துக்கு நீளம் அகலத்தைப்போல் 30 மடங்கு, அதாவது 30 செ.மீ. பழகுகிறவரை ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்துக்கொண்டு கடைசியில் நறுக்குங்கள். அகலம் ஒரே சீராக இருப்பது முக்கியம். ஒரு நாடா 1 மி.மீ. கூடினாலும் முனை உள்ளே நுழையாது, இழுத்தால் கிழியும். மணப்பாட்டுப் பக்கம் ஓலை வேலை பார்ப்பவர்கள் கிடைத்தால் கிழித்த ஓலையாகவே கேட்டு வாங்குங்கள், பாதி வேலை முடிந்தது.

சாயம் போடுவதானால் பின்னுவதற்கு முன்னாலேயே. கொதிக்கிற தண்ணீரில் ஓலைச் சாயத்தூள் போட்டு, நாடாக்களை முழுகவிட்டு நிறம் ஏறும்வரை வேகவையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பின்னிய பின் சாயம் போட்டால் மடிப்புக்குள் நிறம் ஏறாது, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். காய வைக்கும்போது குவிக்காமல் கொடியில் ஒவ்வொன்றாகக் கோத்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இரண்டே நாளில் சாம்பல் புள்ளி வரும். வந்துவிட்டால் துடைக்கலாம், கறை நிற்கும்.

நாஞ்சில்_குடில்

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்க்கிறவர்கள் இப்பவே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோதுமை என்றால் ஒரு இரவு ஊறவைத்து, டிசம்பர் 14, 15 வாக்கில் தட்டில் தேங்காய்நார்த் தூள் பரப்பி நெருக்கமாக விதையுங்கள். கேழ்வரகு புல் மெல்லிசாக அழகாக இருக்கும், ஆனால் மெதுவாக வளரும், அதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே போடணும். முளைப்பாரிபோல் இருட்டில் வைத்தால் மஞ்சளாகத்தான் வரும். குடிலுக்குப் பச்சை வேண்டும் என்றால் முளை தெரிந்ததும் ஜன்னலோரம் மாற்றிவிடுங்கள். மழை நாளில் தண்ணீர் தெளிப்பு ஒருவேளை போதும். தூளைப் பிழிந்தால் சொட்டக்கூடாது. சொட்டினால் அடி அழுகி, புல் பாய்போல் மொத்தமாகச் சாயும்.