நேபாளத்துக்குப் பந்து கொண்டு போகலாமா?

இடது விங்:
குழித்துறைப் பக்கத்துச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கிய ஃபுட்பால் டீம் எங்களுடையது. மே மாதம் 16 பேர் நேபாளம் போகிறோம், 12 நாள் ஊழியப் பயணம். காலையில் அங்குள்ள பசங்களுக்குப் பயிற்சி, மாலையில் மேட்ச், இடைவேளையில் எங்களில் இரண்டு பேர் சாட்சி சொல்வது, அதாவது இயேசு தங்கள் வாழ்க்கையில் செய்ததைப் பேசுவது. ஆளுக்கு 18,000 ரூபாய். பாதி கைக்காசு, மீதி ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டதில் வந்தது. (ஒரு மட்டி வாழைப்பழக் குலையை 4,000க்கு எடுத்த மாமாவுக்கு நன்றி. அவருக்குச் சர்க்கரை வியாதி.) சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழு) சிலர் இது வீண்செலவு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரப்பர் மரம்:
கமிட்டி சொல்வது சரி. திருவனந்தபுரத்தில் ராப்திசாகர் ஏறி கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, அப்புறம் மலைப்பாதை. போக மூன்று நாள், வர மூன்று நாள். மிச்சம் ஆறு. ஆறு நாளில் ஒரு பையனுக்கு இடது காலால் ஒழுங்காகப் பாஸ் போடக்கூடப் பழக்க முடியாது. பாஷை வேறு தெரியாது. உங்களில் பாதிப் பேருக்கு இந்தியே வராது தம்பி. திரும்பி வந்து போடப் போகும் ஃபோட்டோ மட்டும் இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது.

நெய்யூர் பேத்தி:
அண்ணா, சோமர்வெல் டாக்டரை மறந்துவிட்டீர்களா? 1922 எவரெஸ்ட் குழுவில் வந்தவர். ஏறி முடித்து, இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில்தான் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரே ஒரு சர்ஜன், வாசல் வரை வரிசை. பார்த்த உடனே கைகொடுத்தார், அப்புறம் வேலைக்கே வந்துவிட்டார். 1924இல் திரும்பவும் எவரெஸ்ட் போனார், அதே வருஷம் 1922 குழுவுக்கு மலையேற்றத்துக்கான ஒலிம்பிக் பரிசும் கிடைத்தது. காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அவரும் முதலில் சும்மா எட்டிப்பார்க்கத்தான் வந்தார். என் பாட்டிக்குக் குடல் ஆபரேஷன் செய்தது அவர் கை.

ரப்பர் மரம்:
அதையேதான் நானும் சொல்கிறேன். அவர் வந்ததும் கத்தியைக் கையில் எடுத்தார். இடைவேளையில் சாட்சி சொல்லிவிட்டு ரயில் ஏறவில்லை, 20 வருஷத்துக்கு மேல் இங்கேயே கிடந்தார். அதே 1924இல் பாரிஸில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய எரிக் லிடலும் அப்படித்தான். மறு வருஷமே ஊழியத்துக்குச் சீனா போனார், 1945இல் ஜப்பானியர் முகாமில் இறந்தார். இவர்கள் யாரும் ரிட்டர்ன் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு ஊழியம் செய்யவில்லை.

பாறசாலை வக்கீல்:
காசு, காலம் எல்லாம் இருக்கட்டும். நேபாளச் சட்டத்தை யாராவது படித்தீர்களா? 2015 அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவே மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுக்காரனாக இருந்தால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்துவார்கள். விசா வேண்டாம், வாக்காளர் அட்டையைக் காட்டி நுழைந்துவிடலாம் என்பதால் கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டுவதுபோல் நினைத்துவிடாதீர்கள்.

இடது விங்:
நாங்கள் யாரையும் மாற்றப் போகவில்லை சார். சாட்சிதான்.

பாறசாலை வக்கீல்:
அதை அங்குள்ள போலீஸ் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமே. மாட்டினால் உங்களை ஊருக்கு அனுப்பிவிடலாம். உங்களுக்கு மைதானம் பிடித்துக் கொடுத்த உள்ளூர்ச் சபைக்காரர் எங்கே போவார்?

நெய்யூர் பேத்தி:
இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தூத்தூர் கோலி:
நான் கத்தோலிக்கன், தூத்தூர்ப் பக்கம். (வீடு தமிழ்நாட்டில், ஆயர் திருவனந்தபுரத்தில். அது தனிக் கதை.) எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு வெள்ளைக்கார டீம் எங்கள் கடற்கரைக்கு வந்தது. மணலில் வெறுங்காலோடு ஆடும் எங்களிடம் பூட்ஸோடு இறங்கி ஐந்து கோல் வாங்கினார்கள். இடைவேளையில் ஒருவர் நெடுநேரம் பேசினார், மொழிபெயர்த்தவர் பாதியிலேயே களைத்துப்போனார். எங்கள் கண் முழுக்க அவர்கள் பந்தின் மேல்தான். போகும்போது பந்தைத் தந்தார்கள், பூட்ஸும் தந்தார்கள். பூட்ஸ் யார் காலுக்கும் சேரவில்லை. எங்கள் அம்மா அதில் புளி போட்டு வைத்திருந்தாள் என்று இன்றும் என்னைக் கேலி செய்வார்கள், அது பொய்.

இதுவரை ரப்பர் மரம் அண்ணன் கட்சிதான். ஆனால் 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்ததே, அதற்கு அடுத்த மாதம் எங்கள் பங்குச் சாமியாருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த டீமில் ஆடியவர் ஒருவர் எழுதியிருந்தார். தனக்குக் கோல் போட்ட பையன்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்களா என்று கேட்டிருந்தார். இரண்டு பேர் சேரவில்லை. அவர் பேசியதில் ஒரு வார்த்தை எங்களுக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு எங்களை ஞாபகம் இருந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் மரம்:
சரி, கோலி, அதை நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் போகிற பசங்களுக்காகத்தான் இந்தப் பயணம் என்று ஏலத்திலேயே சொல்லிக் காசு கேளுங்கள். நேபாளத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். இன்னொன்று. மார்த்தாண்டத்தில் நீங்கள் மேட்ச் முடிந்து சாப்பிடும் கடையில் பரோட்டா அடிப்பவன் எந்த ஊர்க்காரன்? நேபாளத்துக்காரன். அவன் பெயர் உங்கள் 16 பேரில் யாருக்காவது தெரியுமா? மைதானத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறீர்களா?

நெய்யூர் பேத்தி:
நல்ல கேள்விதான் அண்ணா. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டித் தூரத்துப் பயணத்தைத் தடுப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கும் போய் நான் பார்த்ததில்லை. ஏலத்தில் நீங்கள் எதை எடுத்தீர்கள்?

ரப்பர் மரம்:
ஒரு பூசணிக்காய். 150 ரூபாய்.

இடது விங்:
நேற்று அங்குள்ள சபைக்காரரிடம் போனில் பேசினேன். இடைவேளைச் சாட்சி வேண்டவே வேண்டாம் என்றார், வக்கீல் சார் சொன்ன அதே காரணம். பந்து அங்கேயே கிடைக்கிறதாம். கோல் வலையும் கீப்பர் கையுறையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். வந்தால் போதும், ஆடுங்கள் என்றார். போகிறோம். 16 பேர் இல்லை, 11 பேர். சாட்சி இல்லையென்றால் ஊழியமே இல்லை என்று ஐந்து பேர் விலகிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் எங்கள் இரண்டு ஸ்டாப்பரும் (தடுப்பாட்டக்காரர்கள்) அதில் அடக்கம்.

அப்புறம் பரோட்டாக் கடைக்கும் போனேன். பெயர் கேட்டேன், சொன்னான். நன்றாகவே தமிழ் பேசுகிறான், கொஞ்சம் மலையாளமும். ஊரில் பள்ளி டீமுக்குக் கோல்கீப்பராக நின்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானத்துக்கு வா என்றேன். “ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணா கூட்டம் அதிகம். ஓனரிடம் நீங்கள் பேசுவீர்களா?” என்று கேட்டான்.

ஓனர் எங்கள் சபைக்காரர்தான். நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.