மாற்றங்கள் செய்த காருக்கு எப்.சி. கிடைக்குமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
அண்ணா, அப்பா வாங்கிய காருக்கு 15 வருடம் முடியப் போகிறது, ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க எப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும். முன்னால் இரும்பு கார்டு (பம்பருக்கு முன் மாட்டும் தடுப்புக் கம்பி), பெரிய டயர், சத்தமான சைலன்ஸர், கண்ணாடியில் கறுப்பு பிலிம் எல்லாம் நான் ஆசைப்பட்டு மாட்டியவை. இப்படியே கொண்டு போகலாமா? விற்க மனமில்லை.

பதில்:
வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இரும்பு கார்டை முதலில் கழற்று, நடந்து போகிறவர் மீது பட்டால் உயிருக்கே ஆபத்து, ஏர்பேக் சரியாக விரியவும் விடாது, 2017லேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. பழைய சைலன்ஸர் இருக்கிறதா? அதையே மாட்டு. முன், பின் கண்ணாடி 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும்.

பதில் (தருமபுரி):
டயரையும் மாற்றிவிடு. பெரிய டயரில் மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும், தொப்பூர் இறக்கத்தில் பிரேக்குக்குப் பாரமும் கூடும். அப்புறம், ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம், கிடைத்தால் 5 வருடம் ஓட்டலாம்.

கேட்டவர்:
சரி அண்ணா, ஞாயிற்றுக்கிழமையே கார்டைக் கழற்றுகிறேன்.