நூறு பேரின் பதில் வேண்டும், உதவுங்கள்

வணக்கம். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் எல்லோரும் கூடுகிறோம். ஒவ்வொரு முறையும் 304 சீட்டாட்டம் ஆடி அலுத்துவிட்டது, அதனால் 1976இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஃபேமிலி ஃபியூட் விளையாட்டை வீட்டிலேயே நடத்தலாம் என்று இறங்கியிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், கடையில் விற்கும் விளையாட்டுப் பெட்டியில் வரும் கேள்விகளுக்கு அமெரிக்கர்கள் சொன்ன பதில்கள்தான் இருக்கும், காலைச் சாப்பாடு என்று கேட்டால் எங்கள் மாமி இடியாப்பம் என்பார், புள்ளி எங்கே விழும்? முன்கூட்டியே 100 பேரிடம் கேட்டு வைத்து, ஒரு பதிலை எத்தனை பேர் சொன்னார்களோ, அதை ஊகித்துச் சொல்லும் அணிக்கு அத்தனை புள்ளி என்பதுதான் கணக்கு. இதுவரை 37 பேர்தான் அகப்பட்டார்கள்.

யோசிக்காமல் ஒரே சொல்லில் எழுதுங்கள்: மழை நாளில் என்ன சாப்பிடத் தோன்றும்? காலி வீதியில் பஸ் நின்றுவிட்டால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? கல்யாண வீட்டில் முதலில் தேடுவது என்ன?

அப்புறம், முந்திக்கொண்டு பதில் சொல்பவர் அமுக்க, சத்தம் வரும் மேசைமணி புறக்கோட்டையில் எந்தப் பக்கம் கிடைக்கும்? ஒத்திகை பார்த்தபோது மணிக்குப் பதில் எவர்சில்வர் தட்டைத் தட்டினோம், பக்கத்து வீட்டு அங்கிள் வந்துவிட்டார்.